மிக்கேலுக்கு ஒரு திதி வெண்பா

மல்வேர்ன், ஸ்காபரோ
9.2.1998

அன்புள்ள தில்லை அண்ணைக்கு,

குணவதி எழுதுகிறேன். உறையில் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்து, இந்த வரி வரைக்கும் வந்திருக்கிறீர்கள் என்றால் அதுவே பெரிய காரியம். நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் முழங்கால் வருத்தம் எப்படி? நீங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெள்ளவத்தைக்கு வந்து, ஒரு அச்சகத்தில் செத்தவர்களின் நினைவுக்குக் கல்வெட்டுப் புத்தகம் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று சிவபாதம் மாமா சொன்னார். விலாசமும் அவர்தான் தந்தார். அதற்காக அவரை ஏச வேண்டாம்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு நீங்கள் அச்சடித்த கல்வெட்டு என் அலுமாரியில் இருக்கிறது. தேவாரம், அம்மாவின் சரித்திரம், அம்மா போன நாளைச் சொல்கிற திதி வெண்பா எல்லாம் வடிவாக இருக்கின்றன. வம்சாவளிப் பக்கத்தில் மாத்திரம் 'மகன் தில்லையம்பலம்' என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். வாசிக்கிறவர்கள் அம்மாவுக்கு ஒரே பிள்ளை என்று நினைப்பார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரரைக் கட்டினதற்கு நீங்கள் தந்த தண்டனை அது. அதற்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை. எனக்குக் கூடப்பிறந்தது நீங்கள் ஒரு ஆள்தான். நீங்கள் திரும்பவும் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட வேண்டும். அதுதான் என் ஆசை, ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆனால் இது வேலைக் கடிதம். இங்கே நான் போகிற இங்கிலிஷ் வகுப்பில் மிஸ்ரர் ராது என்று ஒரு ருமேனியாக்காரர் இருக்கிறார். எழுபது தாண்டியவர், ஊரில் சரித்திர வாத்தியார். அவருக்கு உயிரான ஒருவரைப் பற்றித் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் வேண்டும். எனக்கு எழுத வராது. ஒருவரின் சீவியத்தை எட்டுப் பக்கத்தில் எழுத உங்களை விட்டால் ஆளில்லை. பெயர் மிகைல் கொகல்னிச்சானு. ஊர் யாஷ் நகரம். வெளிநாட்டில் படித்தவர். சரித்திர ஆசிரியராக இருந்து, மறியலில் அடைபட்டு, நாட்டை விட்டு ஓடி, திரும்பி வந்து பிரதம மந்திரியானவர். யூலை முதலாம் திகதி பரிஸ் நகரத்தில் ஒப்பரேசனின்போது காலமானார்.

மிச்சம் நீங்கள் கேட்டால் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

குணவதி

---

சிவமயம்

வெள்ளவத்தை
11.3.1998

திருமதி அருள்நாயகம் அவர்கட்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சுகம் விசாரித்தமைக்கு நன்றி. முழங்கால் முன்போலவே.

திரு. மிகைல் கொகல்னிச்சானு அவர்களின் மறைவுச் செய்தி அறிந்து வருந்துகிறோம். பிரதம மந்திரியாக இருந்தவர் என்கிறீர்கள். பத்திரிகையில் வந்திருக்கும், நான் கவனிக்கவில்லை. இங்கே எங்கள் ஆட்களின் செத்தவீட்டுச் செய்திகளையே தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. திரு. ராது அவர்களுக்கு எமது அனுதாபங்களைத் தெரிவிக்கவும். அமரருக்கு அவர் என்ன முறை?

முப்பத்தோராம் நாள் கடந்துவிட்டபடியால் வருகிற யூலையில் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு மலரை வெளியிடலாம். அமரரின் படம், உயிர் பிரிந்த நேரம், மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சகோதரங்கள், மைத்துனர்மார் பெயர் விபரம் ஆகியன தேவை. வம்சாவளியில் ஒருவரும் விடுபடாமல் அனுப்பவும். விடுபட்டால் பின்னர் மனவருத்தங்கள் ஏற்படும்.

அமரர் சைவர் அல்லாதபடியால் தேவாரத்துக்குப் பதிலாக எதனை அச்சிடுவது என்பதையும் அறியத் தரவும்.

இப்படிக்கு
சி. தில்லையம்பலம்

---

மல்வேர்ன்
30.3.1998

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று உங்கள் கையெழுத்தே சொல்லியது. எழுத்து இன்னும் சாயவில்லை. பதில் போட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி.

அண்ணை, அவர் செத்தது 1891இல். வருடத்தை எழுதாமல் விட்டது என் பிழைதான். உங்கள் கடிதத்தை நான் சமையலறையில் நின்று வாசித்துச் சிரித்த சிரிப்பில் மகள் நிலாணி பயந்து ஓடி வந்துவிட்டாள். அடுத்த நாள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் மிஸ்ரர் ராதுவுக்கு எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். முப்பத்தோராம் நாள் என்றால் என்ன, கல்வெட்டு என்றால் என்ன, மைத்துனர்மார் பெயர் எதற்கு என்று ஒவ்வொன்றாக விளக்க வேண்டியிருந்தது. விளங்கினதும் மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு அதைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "மிக்க நன்றி எண்டு உங்கடை அண்ணைக்குச் சொல்லுங்கோ. இந்த மனுசனுக்காக என்னட்டைத் துக்கம் விசாரிச்ச முதல் ஆள் அவர்தான்" என்றார்.

நடந்தது இதுதான். வகுப்பில் அவரவர் நாட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மிஸ்ரர் ராது இவரைப் பற்றிப் பேசினார். ஒருவருக்கும் விளங்கவில்லை, ரீச்சருக்கும்தான். நான் பாவம் பார்த்து ஒரு கேள்வி கேட்டேன். அன்றிலிருந்து மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்குச் சரித்திரப் பாடம் நடக்கிறது. இப்போது, பக்கத்து மேசைக்காரரின் பெரியவரைப் பற்றி அவரவர் மொழியில் ஒரு புத்தகம் செய்து கொண்டு வந்தால் ஒக்ரோபரில் லைபிரரியில் வைப்போம் என்கிறார்கள். நூறு வருடம் பிந்தினாலும் கல்வெட்டு கல்வெட்டுத்தானே, எழுதுவீர்களா?

மிகைல் என்ற பெயர் தமிழில் சரிவரவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நிலாணியின் அப்பா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டே, "உது எங்கடை வேதத்திலை வாற மிக்கேல்தானே" என்றார். சரியாகத்தான் இருக்கிறது.

ஒருவரும் விடுபடக் கூடாது, விட்டால் மனவருத்தம் வரும் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

குணவதி

---

சிவமயம்

வெள்ளவத்தை
2.5.1998

குணவதி அறிவது,

சுகம். நீரும் சுகமாக இருப்பீர் என நம்புகிறேன்.

வருடம் எழுதாமல் திகதி எழுதுகிற ஆளை நான் இந்தத் தொழிலில் இப்போதுதான் காண்கிறேன். அச்சகத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தேத்தண்ணி நேரத்தில் "தில்லையண்ணை, உங்கடை ருமேனியாக்காரரின்ரை திவசம் எப்ப?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

முப்பத்தோராம் நாள் தவறினாலும் திதி தவறாது. அது வருடா வருடம் வரும். 1891 யூலை முதலாம் திகதிக்குப் பழைய பஞ்சாங்கம் தேட வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு குருக்களிடம் இருக்கிறதாம்.

மிக்கேல் என்பது நல்ல பிரயோகம். சொன்னவருக்கு நன்றி.

மூன்று விடயம் கேட்டுச் சொல்லும். ஒன்று, சரித்திரம் படிப்பித்ததற்கு ஏன் ஒருவரை மறியலில் போட வேண்டும்? இரண்டு, அவருக்கும் அச்சுக்கும் ஏதும் தொடர்பு உண்டா? மூன்று, பதவிகளை எல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தால் அந்த மனிதர் செய்த ஒரு காரியம் எது? பதவிப் பட்டியல் எல்லாக் கல்வெட்டிலும் இருக்கிறது. வாசிக்கிறவர் அதைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அந்த ஒரு காரியம்தான் நிற்கும்.

தில்லையம்பலம்

---

மல்வேர்ன்
23.5.1998

அன்புள்ள அண்ணைக்கு,

நீர் என்று எழுதியிருக்கிறீர்கள். 'தங்கள்' போய் 'நீர்' வந்தது எனக்குக் காணும், இப்போதைக்கு அது போதும். இங்கே குளிர் விட்டுவிட்டது. எங்கள் ரவுண்ஹவுஸ் வீட்டின் பின்வளவில் கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறோம். முழங்காலுக்கு இவர் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறார், அங்கே வருகிற ஆள் இருந்தால் தந்துவிடுகிறேன்.

உங்கள் கேள்விகளைப் பஸ்ஸில் கேட்டேன். அப்போது ருமேனியா என்று ஒரு நாடே இல்லையாம். ஒரே மொழி பேசுகிற சனம் இரண்டு மூன்று ராச்சியமாகப் பிரிந்து கிடந்ததாம். மிக்கேல் யாஷில் முதல் வகுப்பு எடுத்தபோது வயது இருபத்தாறு. சரித்திரம் ராசாக்களின் கதை மட்டுமில்லை, உங்களுடைய கதையும்தான், நீங்கள் எல்லாரும் ஒரு சனம் என்று சொன்னாராம். ஆண்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வகுப்பை நிற்பாட்டினார்கள். அடுத்த வருடம் பிடித்து ஒரு மடத்தில் அடைத்து வைத்தார்கள்.

அச்சுத் தொடர்பு இருக்கிறது. பழைய சரித்திர ஏடுகளைத் தேடியெடுத்து முதல் முதல் அச்சிலேற்றினவர் இவர். அவர் இல்லாவிட்டால் பாதி அழிந்திருக்கும் என்கிறார் மிஸ்ரர் ராது. இதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவதைக் கேட்டதும் மிஸ்ரர் ராது இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். முன்னால் இருந்த மனுசி தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டா. அந்த நாட்டில் றோமா என்கிற சனத்தைப் பெரிய வீடுகளும் மடங்களும் அடிமையாக வைத்திருந்தார்களாம். கை காலில் சங்கிலியோடு அவர்கள் யாஷ் தெருக்களில் போகிறதைச் சின்ன வயதில் மிக்கேல் கண்டவர். அவரும் பெரிய வீட்டுப் பிள்ளைதான். இருபது வயதில், பேர்லினில் படிக்கும்போதே, அந்தச் சனத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிறகு அவர்களை விடுவித்த சட்டத்திலும் அவருடைய கை இருந்தது. பிரதம மந்திரியானபோது வயல் செய்கிற கமக்காரருக்குக் காணி கொடுத்தார். நாடு சுதந்திரம் என்று சபையில் எழும்பி அறிவித்ததும் அவர்தான். ஆனால் சாகிறதற்குச் சில மாதம் முந்திக் கிழவராக நின்று பேசியபோது இதில் ஒன்றையும் பெரிதாகச் சொல்லவில்லையாம். அந்தச் சங்கிலியைத்தான் சொன்னாராம்.

அந்த ஒரு காரியம் உங்களுக்குக் கிடைத்துவிட்டதா?

குணவதி

---

சிவமயம்

வெள்ளவத்தை
20.6.1998

குணவதிக்கு,

உன் சுகத்துக்கும் பிள்ளையின் சுகத்துக்கும் வைரவர் துணை.

கிடைத்துவிட்டது. வகுப்பு மறித்த காரணம் விளங்கிக்கொண்டேன். அதைப் பற்றிக் கடிதத்தில் மேலும் எழுத வேண்டாம். இங்கே உறைகள் சில நேரம் திறந்துதான் வருகின்றன.

சரித்திரம் எழுதி முடிந்தது, படி இத்துடன் வருகிறது. சங்கிலியில்தான் தொடங்கியிருக்கிறேன். பஞ்சாங்கமும் பார்த்தாயிற்று. மிஸ்ரர் ராதுவுக்கு வாசித்துக் காட்டு:

ஆண்டு கரமாகும் ஆனியதன் தேய்பிறையில்
ஈண்டு தசமித் திதியன்றோ - வேண்டுபுகழ்க்
கட்டுண்டார் கால்விலங்கைக் கண்டறுத்த மிக்கேலன்
எட்டினான் வானம் இனிது.

தளை தட்டாமல் வர ஒரு கிழமை எடுத்தது. இப்படி ஒருவருக்கு வெண்பாப் பாடி எவ்வளவோ காலம். இங்கே வருகிறவர்கள் அவசரமாக வந்து, அவசரமாகக் கேட்டு, அழுதுகொண்டே வாங்கிப் போகிறார்கள். இவருக்கு ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. ஆறுதலாகப் பாடினேன்.

வம்சாவளிதான் மிச்சம். ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன். யார் யாரைப் போடுவது என்று கேட்டு எழுது.

தில்லையம்பலம்

---

மல்வேர்ன்
8.7.1998

அன்புள்ள அண்ணைக்கு,

'நீ' என்று எழுதிவிட்டீர்கள். தெரிந்து எழுதினீர்களா, வெண்பாச் சந்தோசத்தில் கை தவறி எழுதினீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. எல்லாரும் சுகம். நிலாணிக்கு முன்பல் விழுந்துவிட்டது.

யூலை முதலாம் திகதி இங்கே கனடா நாள். ரூஜ் பக்கம் மிஸ்ரர் ராதுவின் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். வெளியில் பிள்ளைகள் வாணம் விட்டுக்கொண்டிருக்க, உள்ளே நான் வெண்பாவைப் படித்தேன். மிஸ்ரர் ராது கண்ணை மூடிக்கொண்டு விரலால் மேசையில் தட்டிக் கேட்டார். 'மிக்கேலன்' வந்த இடத்தில் மாத்திரம் கண்ணைத் திறந்தார். இன்னொருக்கால் படிக்கச் சொன்னார். படித்தேன். இவர் பாணும் வைனும் வாங்கிக்கொண்டு வந்தவர், ஒரு மூலையில் இருந்து கேட்டுப்போட்டு, "உங்கடை அண்ணை கெட்டிக்காரன்" என்றார். உங்களைப் பற்றி அவர் ஒரு நாளும் தாழ்வாகச் சொன்னதில்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வம்சாவளியைக் கேட்டேன். மிக்கேலுக்கு மனைவி மக்கள் எல்லாரும் உண்டு, அவர்களின் பெயர் எத்தனையோ புத்தகத்தில் இருக்கிறது என்றார் மிஸ்ரர் ராது. "சங்கிலியோடை இருந்த சனத்தின்ரை பேரை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. உங்கடை புத்தகத்திலை சொந்தக்காரருக்கு ஒரு பக்கம் இருக்கெண்டால், அதை அவைக்குக் குடுக்கச் சொல்லுங்கோ. பேர் தெரியாட்டிலும் பரவாயில்லை. இருந்தவை எண்டு எழுதினால் காணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் கல்வெட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அழுகை வந்தது. அழுதேன்.

அண்ணை, பெயர் தெரியாதவர்களுக்கு நீங்கள் ஒரு பக்கம் கொடுக்கப் போகிறீர்கள். என் பெயர் உங்களுக்குத் தெரியும்.

குணவதி

---

மல்வேர்ன்
14.9.1998

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமா? இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. தபால் பிந்துகிறதா, நீங்கள் வருத்தம் வந்து படுத்துக் கிடக்கிறீர்களா, அல்லது நான் போன கடிதத்தில் எழுதினது பிடிக்கவில்லையா தெரியாது. சிவபாதம் மாமாவைக் கேட்டேன், "ஆள் நடமாடுறார்" என்று மாத்திரம் சொன்னார். நடமாடுகிற ஆளுக்கு எழுதக் கை வரவில்லை என்றால் கோபம்தான்.

கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கோ. பழையபடி திருமதி அருள்நாயகம் என்று தொடங்கினாலும் பரவாயில்லை. ஒன்றும் இல்லாமல் இருக்கிறதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதல் ஆறு வருடம் பழகிவிட்டேன், இப்போது திரும்பவும் பழக ஏலாது.

மிஸ்ரர் ராது ஒவ்வொரு நாளும் புத்தகம் வந்ததா என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்கிறேன். "சரித்திரக்காரருக்கு அவசரமில்லை" என்கிறார்.

குணவதி

---

சிவமயம்

வெள்ளவத்தை
5.10.1998

அன்புத் தங்கச்சி குணவதிக்கு,

நானும் சுகம், முழங்காலும் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

கனடாவுக்குப் பயணம் வருகிற றீற்றா என்ற பிள்ளையிடம் மிஸ்ரர் ராதுவின் புத்தகங்களைக் கொடுத்துவிடுகிறேன். மட்டை நீலம். உள்ளே கடைசிப் பக்கத்தைப் பார். 'உற்றார் உறவினர்' என்று தலைப்பிட்டு, அதன் கீழே 'யாஷ் நகரத்துத் தெருக்களில் சங்கிலியோடு நடந்தவர்கள். இவர்களின் பெயர்கள் எழுதப்படவில்லை. இவர்கள் இருந்தார்கள்' என்று மூன்று வசனம் போட்டிருக்கிறேன். மிச்சம் வெறும் பக்கம். இடத்தை வீணாக்குகிறீர்கள் என்று முதலாளி சொன்னார். அந்தப் பக்கத்தில் கை வைக்க வேண்டாம் என்றேன்.

அந்தப் பக்கத்தைப் பிழை பார்க்க எடுத்தேன். மூன்று வசனத்தில் என்ன பிழை வரப் போகிறது? ஆனால் பேனையை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தேன். உனக்கு எழுத நினைத்து எழுத நினைத்து, எழுதாமலே விட்டேன். அதுதான் இரண்டு மாதம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. அச்சில் பிழை வந்துவிட்டால், கண்டுபிடித்தவுடன் திருத்திய பதிப்புப் போட வேண்டும். அம்மாவின் கல்வெட்டில் ஒரு பிழை இருக்கிறது. மார்கழியில் அம்மாவின் திவசம். அதற்குள் திருத்திய பதிப்புப் போடுகிறேன். சரித்திரம், வெண்பா எல்லாம் முன்போலவே. வம்சாவளியை மாத்திரம் புதிதாக எழுதினேன். மகன் தில்லையம்பலம். மகள் குணவதி. பேர்த்தி நிலாணி. மருமகன் என்று எழுதிவிட்டு நின்றுவிட்டேன்.

அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரியாது. தகப்பன் பெயரும் தெரியாது. நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. கல்வெட்டில் அரைப் பெயர் போடுகிற வழக்கம் எனக்கு இல்லை.

நீ எழுதி அனுப்பாதே. அவரையே தன் கையால் எழுதச் சொல்லு.

உன் அண்ணன்
தில்லையம்பலம்

---

மல்வேர்ன்
1.11.1998

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க மாதா துணை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உங்கள் தங்கச்சி தோளுக்கு மேலால் எட்டி நின்று எழுத்துப் பிழை பார்க்கிறா. உங்களிடம் பழகின பழக்கமாக்கும்.

புத்தகங்கள் வந்து சேர்ந்தன. லைபிரரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்திருக்கிறார்கள். மிஸ்ரர் ராது ஒவ்வொரு கிழமையும் போய் அதற்கு முன்னால் நிற்கிறார். ஒரு எழுத்தும் தெரியாது, ஆனால் எந்த வசனம் எது என்று வாறவர் போறவருக்கெல்லாம் சரியாகச் சொல்லுகிறார். மாமியின் திவசத்துக்கு எங்கள் வீட்டில் குணவதி வருடா வருடம் விளக்கு வைக்கிறவ. இந்த முறை புதுக் கல்வெட்டைப் பக்கத்தில் வைப்போம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கிப் பூசவும்.

ஏழு வருடத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. மறுமொழி தெரிந்த கேள்வியாகக் கேட்டது நல்லதாய்ப் போய்விட்டது.

மரியாம்பிள்ளை அருள்நாயகம்.